ஒரே ஒரு மூலக்கூறு ஒளிர்வதை எப்படிப் பார்க்கிறார்கள்? வைரஸ் ரகம் கண்டறியும் கருவியின் பின்னணி

கரோனா காலத்தில் உத்திரமேரூரில் ஒருவரின் மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தால், பாசிட்டிவா நெகட்டிவா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அது டெல்டாவா, வேறு ரகமா? அதற்கு வைரஸின் சுமார் 30 ஆயிரம் மரபணு எழுத்துகளையும் படிக்க வேண்டும். மாதிரி கொடுத்தவருக்கு இதனால் மாத்திரை மாறப்போவதில்லை. ஊரில் எது பரவுகிறது என்று சுகாதாரத் துறைக்குத் தெரியும். தமிழக மாதிரிகள் இதற்காக பெங்களூருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2021 செப்டம்பரில்தான் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில அரசின் சொந்த ஆய்வகம் வந்தது.

உலகம் முழுக்க இப்படிப் படிக்க அதிகம் பயன்படும் தொழில்நுட்பத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர், 1966-ல் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியன். இன்னொருவர் டேவிட் கிளெனர்மன். 1990-களில் கேம்பிரிட்ஜில் இவர்கள் ஆசைப்பட்டது வேறு: டிஎன்ஏவை நகலெடுக்கும் ஒற்றை நொதி மூலக்கூறு வேலை செய்வதை நேரில் பார்ப்பது.

இதில் என்ன கஷ்டம்?

சாய மூலக்கூறு ஒன்றின் மேல் லேசர் பட்டால், அது வேறு நிறத்தில் ஒளியைத் திருப்பித் தரும். மங்கலான ஒளிதான், ஆனால் நல்ல கேமராவுக்கு அது போதும். தொல்லையே அக்கம்பக்கத்தால்தான். தண்ணீர், கண்ணாடி, அழுக்கு என்று எல்லாமே கொஞ்சம் மினுக்கும். திருவிழா சீரியல் லைட்டுக்கு நடுவில் மின்மினியைத் தேடுகிற கதை!

அதனால் சாயத்தை நன்றாக நீர்க்கச் செய்து, மூலக்கூறுகளைத் தள்ளித் தள்ளி இருக்கவைக்கிறார்கள். கண்ணாடியை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் மட்டும் லேசர் படும். லேசரின் நிறத்தை வடிகட்டி தடுத்துவிடும். கடைசியில் கேமராவில் ஒரு புள்ளி தெரியும். சரி, அது ஒண்ணுதான் என்று எப்படி நம்புவது? கூட்டமாக இருந்தால் படிப்படியாக மங்கும்; ஒற்றை மூலக்கூறு என்றால் சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே தடவையில் அணைந்துவிடும்.

தனி மூலக்கூறை ஒளியால் முதலில் கண்டறிந்தவர் டபிள்யூ.இ.மோர்னர். ஆண்டு 1989. 2014-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இவரும் ஒருவர்.

நிறமே எழுத்து

1997 கோடையில் மதுக்கடை ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது கேம்பிரிட்ஜ்காரர்களின் யோசனை திசைமாறியது. ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு நிறச் சாயம். நொதி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்க்கும்போதும் ஒரு படம். நிறத்தைப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். 1998-ல் சொலெக்சா நிறுவனம் பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், விற்பனைக்கு வந்த கருவி ஒற்றை மூலக்கூறைப் படிக்கவில்லை. அவ்வளவு மெல்லிய ஒளியை நம்பி கோடிக்கணக்கான எழுத்துகளைப் பிழையில்லாமல் வாசிப்பது சிரமம். எனவே ஒவ்வொரு துண்டையும் அதே இடத்தில் சுமார் ஆயிரம் நகல்களாக்கி, ஒன்றாக ஒளிரவிட்டார்கள். 2007-ல் இல்லுமினா நிறுவனம் சொலெக்சாவை வாங்கியது.

ஒற்றை மூலக்கூறைப் படிக்கும் பழைய கனவை பாக்பயோ போன்ற நிறுவனங்கள் பிறகு கருவியாக்கின. லேசர் அடிமட்டத்தைத் தாண்டாத நுண்குழிகளில் ஒரு நொதியை உட்காரவைத்து, அது எழுத்து சேர்க்கும்போது மின்னும் நிறங்களை அவை வரிசையாகப் படிக்கின்றன. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீளமான துண்டைக்கூட வெட்டாமல் ஒரே மூச்சில் படிக்க முடிவது இதனால்தான்.