ஒத்தியங்கா நிரல்களில் விதிவிலக்கு: கலைச்சொல் நோக்கு

கணிப்பொறி நூல்களைத் தமிழாக்குவோர் 'எக்செப்ஷன்' என்பதைப் பெரும்பாலும் 'விதிவிலக்கு' என்றே பெயர்க்கின்றனர். இலக்கணத்தில் பழகியவர்க்கு இது சற்று இடறும். வடமொழி இலக்கண மரபில் உத்சர்க்கம் பொது விதி. அபவாதம் அதனைத் தடுக்கும் சிறப்பு விதி. தடுப்பினும் அதுவும் விதியே. நிரலாக்கத்தில் குறிக்கப்படுவதோ ஒரு நிகழ்வு. சுழியால் வகுத்தல், கோப்பு கிடைக்காமை போன்றதொரு தடையால் கணிப்பின் போக்கு முறிவதே அது. ஆயினும் சொல் வேரூன்றிவிட்டது. அதனை அகற்ற வேண்டுவதில்லை. அதனோடு வரும் வினைச்சொற்களே கவனத்திற்குரியன.

1975இல் ஜான் குடினஃப் வெளியிட்ட கட்டுரை, ஒரு செயலின்போது கண்டறியப்படும் நிலையை அச்செயலை அழைத்த கூற்றுக்கு அறிவிப்பதே எக்செப்ஷன் என விளக்கியது. எனவே அழைத்தவர் காத்திருக்கிறார் என்பது இக்கருத்தில் அடங்கியுள்ளது. 'எறிதல்', 'பிடித்தல்' என்னும் உருவகங்கள் இதனாலேயே பொருந்துகின்றன. ஒத்தியங்கா நிரலில் அழைத்த கூறு காத்திராது தன் வழியே சென்றுவிடும். பின்னர் எறியப்படுவதைப் பிடிப்பவர் யார்?

பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988இல் இதற்கு ஒரு விடை தந்தனர். அழைப்பு உடனே ஓர் உறுதிமொழியை ('பிராமிஸ்') அளிக்கும். விளைவு தேவைப்படும்போது அதனைக் கேட்டுப் பெறலாம். செயல் முறிந்திருப்பின், கேட்கும் இடத்தில் எக்செப்ஷன் எழும். அதாவது, தவறு ஒரு மதிப்பாகி உறுதிமொழிக்குள் தங்கிக் காத்திருக்கிறது.

சார்புவழி மொழியான ஓகேமலின் 'எல்.டபிள்யூ.டி.' நிரலகத்தில் இது தெளிவாகத் தெரியும். உறுதிமொழி நிலுவையில் இருக்கலாம், நிறைவேறலாம், அல்லது 'ரிஜெக்டட்' ஆகலாம். புதியவர்கள் அழைப்பைச் சுற்றி மொழியின் வழக்கமான 'டிரை' அமைப்பை இட்டு, தவறுகள் அகப்படும் என எண்ணுவர். அகப்படா. செயல் பின்னர் முறியும் வேளையில் அவ்வமைப்பு முடிந்துபோயிருக்கும். ஆகவே நிரலகம் தனக்கென ஒரு 'கேட்ச்' சார்பை வைத்துள்ளது. அதற்கு உறுதிமொழியைத் தராமல், உறுதிமொழியை உருவாக்கும் சார்பையே தரவேண்டும். அப்பொழுதே உடனடியாக எழும் முறிவும் காலந்தாழ்த்தி வரும் முறிவும் ஒருங்கே அகப்படும். எவரும் கேட்டுப் பெறாத உறுதிமொழியில் தங்கிய தவறோ ஓசையின்றி மறையக்கூடும். மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை மழுங்கடித்தால், படிப்பவர் எழுதும் நிரலில் தவறு புலப்படாமலே போகும்.

'ரிஜெக்டட்' என்பதை 'நிராகரிக்கப்பட்ட உறுதிமொழி' என்பது பொருந்தாது. யாரோ ஏற்க மறுத்தார் என்று அது பொருள்படும். வாக்கு பொய்த்தது, மழை பொய்த்தது என்னும் வழக்கு நம்மிடம் உண்டு. 'பொய்த்த உறுதிமொழி' என்பதே செவ்விது. பொய்த்தலில் மறுப்பவர் எவரும் இல்லை. எதிர்பார்த்தது வாராமை மட்டுமே உண்டு.

மற்றொரு சிக்கல் தொகைநிலையால் எழுவது. ஹாஸ்கெல் மொழி குறித்து மார்லோ, பெய்டன் ஜோன்ஸ் முதலியோர் 2001இல் எழுதிய கட்டுரையின் பொருளும் 'ஒத்தியங்கா எக்செப்ஷன்'தான். அங்கே 'ஒத்தியங்கா' என்பது எக்செப்ஷனுக்கே அடை. காலக்கெடு கடந்தமை, பயனர் இடைநிறுத்தம் போன்ற காரணங்களால், ஓடும் ஓர் இழையின்மீது வெளியிலிருந்து எறியப்படுவது அது. அவ்விழை தன் செயலில் எப்பிழையும் செய்திராது. இங்கு 'எறிதல்' மீண்டும் பொருந்துகிறது. இரண்டையும் ஒரே தொடரால் சுட்டுவதைத் தவிர்த்து, முன்னதை 'ஒத்தியங்கா நிரலில் எழும் விதிவிலக்கு' என்றும், பின்னதை 'புறத்திலிருந்து எறியப்படும் விதிவிலக்கு' என்றும் விரித்தெழுதலாம். தொடர் நீள்வது பற்றித் தயங்க வேண்டுவதில்லை.