மெடிக்கல் ஷாப் எண்ணெயும் ஜெகதாப்பட்டினத்து இறாலும்

புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல், குடுமியான்மலை... மிஞ்சிப் போனால் முட்டை மாஸ். கடல் ஞாபகம் வரவே வராது. டவுனில் இருக்கும் எங்களுக்கே வராது! 1974 ஜனவரி 14-ம் தேதி திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எங்கள் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அப்போது தஞ்சாவூர் கொடுத்த சீதனம்தான் அறந்தாங்கிப் பக்கம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று அங்கே வரிசையாக மீன்பிடிக்கிற ஊர்கள்.

எங்க வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அந்தச் சீதனத்துக்கு எங்கள் வீட்டில் மவுசு கூடிவிட்டது. டாக்டர் கண்டிப்பானவர். "ஆட்டுக்கறிக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க. மீன் சாப்பிடுங்க, தோல் உரிச்ச கோழி சாப்பிடுங்க. ஆனா எண்ணெயில முங்கப் போட்டு எடுக்கக்கூடாது" என்றார். இவர் பரிதாபமாக, "முட்டை மாஸ் சார்?" என்று கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20-லிருந்து 30 கிராம் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் சொன்ன கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் வாங்கினால் ஆளுக்கு தினம் 23 கிராம் வரும். தோசை, தாளிப்பு, அப்பளம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அப்பளம் பொரிக்கிற வீட்டில் இந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்!

இந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து வந்த என் கொழுந்தன், அண்ணனுக்காக ஒரு பெரிய டின் ஆலிவ் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "அண்ணி, இனிமே எல்லாம் இதுலதான். ஹார்ட்டுக்கு நல்லது." மாமியார் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, இது பச்சப் புள்ளைக்குத் தேச்சுக் குளிப்பாட்டுற எண்ணெயில்ல? இதுலயா மீன் பொரிக்கப் போறே?"

கொழுந்தன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு வாஸ்தவம். ரொம்ப காலம் நம் ஊர்களில் ஆலிவ் எண்ணெய் என்றால் மெடிக்கல் ஷாப்பில் மஞ்சள் நிறச் சின்ன டின்னில் விற்ற ஃபிகாரோதான். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவார்கள். அதை யாரும் சட்டியில் ஊற்றியதில்லை.

ஆனால் இந்தச் சரக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகள் உடைந்து கிடந்தன. ஒயின் வந்த சாடிகளே அதிகம். கூடவே ஆலிவ் எண்ணெய் வந்தவையும், மீனை உப்பில் ஊறவைத்துச் செய்த ஒரு சாறு வந்தவையும் இருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மீனும் ஆலிவ் எண்ணெயும் ஜோடி போட்டு நம் கரைக்கு வந்திருக்கின்றன! எங்கள் மாவட்டத்துக்கும் ரோமாபுரியோடு ஒட்டுறவு உண்டு. ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் ராஜா தலையில் உளி வெட்டு! இவ்வளவு தங்கம் கொடுத்து மிளகும் முத்தும் வாங்கிப் போனவர்கள், எண்ணெயை மட்டும் நமக்கு ஒட்டவைக்காமல் போய்விட்டார்கள்.

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. நமக்குக் கடலை இருந்தது, எள் இருந்தது. ஆலங்குடிப் பக்கம் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் வாசனையில் வளர்ந்தவள் நான். அதனால் டின்னைத் திறப்பதற்கு முன்னால், 'இதில் அப்படி என்ன இருக்கிறது?' என்று பார்த்தேன். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒலீக் அமிலம் என்று ஒரு கொழுப்பு. இதயத்துக்குப் பகை இல்லாதது. ஆலிவ் எண்ணெயில் ஏறக்குறைய 70 சதவீதம் அதுதான். நம் கடலெண்ணெயிலும் சுமார் பாதி அதுவே. 2020-ல் கிர்னார்-4, கிர்னார்-5 என்று இரண்டு கடலை ரகங்கள் நம் நாட்டில் வெளிவந்தன. அவற்றில் 80 சதவீதம் வரை ஒலீக் அமிலம் இருக்கிறது. அந்தக் கடலை எங்கள் பக்கத்துச் செக்குகளுக்கு வரும் நாளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். டின்காரர்கள் எதிர்பார்க்கமாட்டார்கள்.

ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி 2013-ல் வெளியிட்டார்கள். ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்தது என்று 2018-ல் அவர்களே அதைத் திரும்பப் பெற்று, சரி பார்த்து மறுபடி வெளியிட்டார்கள். அப்போதும் முடிவு அவ்வளவாக மாறவில்லை. ஆலிவ் எண்ணெயோ பாதாம், வால்நட் வகைகளோ சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்திருந்தன. ஆனால் அவர்கள் காய்கறி, பருப்பு, மீன் என்று சாப்பாட்டையே அந்த முறைக்கு மாற்றிக்கொண்டவர்கள். பரோட்டா சால்னாவின் மேல் ஆலிவ் எண்ணெயைத் தெளித்துக்கொண்டவர்கள் அல்ல! இதை எங்க வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதையும் சேர்த்துத்தான்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்பது காயை அரைத்துப் பிழிந்த எண்ணெய். நம் செக்கெண்ணெய் மாதிரி. 'பொமேஸ்' என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது பிழிந்தது போக மிஞ்சிய சக்கையில், அதாவது புண்ணாக்கில், ரசாயனக் கரைப்பானை ஊற்றி உறிஞ்சிச் சுத்திகரித்தது. நம் வீட்டில் புண்ணாக்கை மாட்டுக்கு வைப்போம். அவர்கள் டின்னில் ஆலிவ் படம் போட்டு அனுப்புகிறார்கள். 'லைட்' என்று போட்டிருந்தால் கொழுப்பு குறைவு என்று மயங்காதீர்கள். நிறமும் மணமும்தான் குறைவு. விலையோ கடலெண்ணெயைப் போல மூன்று நான்கு மடங்கு. எனவே ஸ்பூன் இல்லாமல் இந்த டின்னைத் தொடுவதில்லை என்று எங்கள் வீட்டில் சட்டம்.

சரி, சமையலுக்கு வருவோம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டுத் திருத்த வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தர முடியாது. மீன்காரம்மா காலையில் கொடுத்துவிட்டுப் போவதை அலசி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வேலை சுலபம்.

முதல் வெற்றி இறால். அரைக் கிலோ இறாலை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, மஞ்சளும் உப்பும் பிசறி வையுங்கள். இரும்புச் சட்டியில் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். காய்ந்து புகைய விடக்கூடாது. சூடு லேசாக ஏறும்போதே பத்துப் பல் பூண்டை வட்டம் வட்டமாகச் சீவிப் போட்டு, நாலு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். பூண்டு நிறம் மாற ஆரம்பித்ததும் இறால். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். இறால் அரை வட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்! எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து இறக்க வேண்டியதுதான். ஸ்பெயின்காரர்கள் இதையேதான் எண்ணெய் மிதக்கச் செய்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். ரசத்துக்கு முன்னால் ரொட்டி எம்மாத்திரம்?

சீலா, பாறை மாதிரித் துண்டு மீனுக்கு வேறு வழி. மிளகாய்த்தூள், மஞ்சள், நசுக்கிய மிளகு, சோம்பு, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு... இதோடு இரண்டு டீஸ்பூன் எண்ணெயை மசாலாவிலேயே குழைத்துவிடுங்கள். சட்டியில் தனியாக எண்ணெய் வேண்டாம். தோசைக்கல்லில் வாழையிலைத் துண்டை விரித்து, அதன்மேல் மீனை வைத்து மூடி, பக்கத்துக்கு நாலு நிமிஷம். மீன் கல்லில் ஒட்டாது. இலை கருகிய வாசனை இலவசம். நாலு துண்டுக்கு அந்த இரண்டு ஸ்பூன் போதும்.

எல்லாவற்றிலும் மலிவு சூடை மீன். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு இந்தச் சின்ன மீனில் தாராளம். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயத்தைக் கொரகொரப்பாக அரைத்து, மண்சட்டியில் கொஞ்சம் புளித்தண்ணீரோடு கொதிக்கவிட்டு, சூடையைப் போட்டு ஏழெட்டு நிமிஷம். கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றிவிட வேண்டும். இறக்கிய பிறகு பச்சையாக ஒரு ஸ்பூன் எக்ஸ்ட்ரா விர்ஜின், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நன்றாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. லேசான காட்டம் தொண்டையில் நிற்கும். ஆனால் நண்டுக் குழம்புக்கு மட்டும் நல்லெண்ணெய்தான். துபாய்க்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி, அதில் சமரசம் கிடையாது.

மீன் தினமும் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதிலும் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்டிரைக். சில நாள் காலையில் மீன்காரம்மா வெறும் கூடையோடு வருவார். "படகு போகலைங்க டீச்சர். எங்க மருமவன் போன படகும் இன்னும் திரும்பல." அன்றைக்கு விலை பேச யாருக்கு மனசு வரும்? 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு, இலங்கைக் கடற்படைப் படகோடு மோதி மூழ்கி, அதில் இருந்த நாலு பேரும் இறந்துபோனார்கள். டாக்டர் எங்க வீட்டுக்காரருக்கு மீன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவருகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். மருமகன் மறுநாள் வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு அடுப்படியில் வேலை ஓடியது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கோழி ஆட்சி. நாட்டுக்கோழி ருசிதான், ஆனால் வேகிற நேரத்துக்குள் இரண்டு வகுப்பு நோட்டுத் திருத்திவிடலாம். எனவே வார நாளில் பிராய்லர். முக்கால் கிலோவைத் தோலில்லாமல் வாங்கி, தயிர், மஞ்சள், இஞ்சி பூண்டு, உப்பில் ஊறவையுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வதக்கி, கோழியைப் போட்டு மூடிவிடுங்கள். சொட்டுத் தண்ணீர் வேண்டாம், கோழியே விடும். இருபது நிமிஷம் கழித்துத் திறந்து, புதிதாகப் பொடித்த மிளகும் சீரகமும் தூவி வற்றவிட்டால் முடிந்தது. கல்பாசி, அன்னாசிப்பூ எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. செட்டிநாட்டு ஆச்சிமார்கள் மன்னிக்க வேண்டும்.

இவர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ரிப்போர்ட்டை எனக்கு முன்னால் படிக்கப் பார்ப்பார். நான் விடுவதில்லை. போன தடவை, "எல்லாம் உங்க அண்ணி கணக்குல இருக்கு" என்று தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். எண்ணெயைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. அத்தை மட்டும் டின்னில் மிச்சமிருக்கும் கால் லிட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். நாத்தனார் மகளுக்கு இது ஒன்பதாவது மாதம்.