நாட்பட்ட இதயச் செயலிழப்பும் மனச்சோர்வும்

நாட்பட்ட இதயச் செயலிழப்பு என்பது உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தை இறைக்கும் திறன் இதயத்தில் நீண்டகாலமாகக் குறைந்திருக்கும் நிலை ஆகும். இது இதயத்துடிப்பு திடீரென நின்றுவிடும் நிலை அன்று. இந்நோயுடன் வாழ்வோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் பரவலாகக் காணப்படுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006 ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வின்படி, இந்நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு (21.5%) மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவு மனச்சோர்வு உள்ளது. நோய் முற்றிய நிலையில் இவ்வளவு மேலும் உயர்கிறது.

கண்டறிதல்

களைப்பு, தூக்கக்குறைவு, பசியின்மை ஆகியன இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். படுத்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறலாலும் தூக்கம் கெடலாம், மனச்சோர்வாலும் கெடலாம். இதனால் மனச்சோர்வு இதயநோயின் விளைவாகவே கருதப்பட்டுக் கவனிக்கப்படாமல் போவதுண்டு. மாறாக, இதயநோயின் அறிகுறிகள் மனச்சோர்வாகக் கணக்கிடப்படுவதும் உண்டு. மேற்கூறிய பகுப்பாய்வில், வினாத்தாள் கொண்டு அளந்தபோது 33.6% ஆக இருந்த அளவு, நேர்காணல் வழி கண்டறிந்தபோது 19.3% ஆகவே இருந்தது.

எதிலும் ஈடுபாடின்மை, நம்பிக்கையின்மை, குற்றவுணர்வு, தன்னைப் பயனற்றவராக எண்ணுதல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை இதயத்தின் நிலை மட்டும் கொண்டு விளக்க இயலாது. எனவே இவற்றைத் தனியே கேட்டறிவது இன்றியமையாதது.

விளைவுகள்

இந்நோயாளிகள் மருந்துகளை நாள்தோறும் தவறாது உட்கொள்ளவும், உப்பைக் குறைக்கவும், உடல் எடையைக் கண்காணிக்கவும் வேண்டும். ஓரிரு நாட்களில் எடை விரைந்து கூடுதல் உடலில் நீர் தேங்குவதன் அறிகுறியாகும். மனச்சோர்வுற்றவர் இக்கவனிப்பைக் கைவிட நேரிடலாம். மனச்சோர்வுள்ளோரிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

சிகிச்சை

செர்ட்ராலைன் மருந்து 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும், எசிட்டாலோபிராம் மருந்து 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும் இந்நோயாளிகளின் மனச்சோர்வைக் குறைப்பதில் மருந்துப்போலியை விடச் சிறந்த பயன் தரவில்லை. மாறாக, எண்ணங்களையும் நடத்தையையும் சீர்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை 2015 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் மனச்சோர்வைக் குறைத்தது. மேற்பார்வையுடன் தொடங்கும் உடற்பயிற்சியும் சிறிதளவு பயன் தருவதாக 2012 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. எனினும், ஏற்கனவே உட்கொள்ளும் மனச்சோர்வு மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்துதல் கூடாது. மூவளைய வகை மருந்துகள் இதயத்துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக் கூடியவை என்பதால் இந்நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.