மொட்டை மாடி வெப்பம்: எந்த வீட்டுக்கு எது சரி?

ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனல் காற்றையே வீசுகிறதா? பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் இறக்குவதுதான் காரணம். மேல்மாடியில் படுக்கும் முதியவர்களும் குழந்தைகளும்தான் அதிகம் தவிப்பவர்கள். வெப்பத்தைத் தளத்துக்கு மேலேயே மறிப்பதுதான் நல்ல பலன் தரும்.

வெள்ளைப் பூச்சு: செலவு குறைவு. சுண்ணாம்போ, கூல் ரூஃப் பெயின்ட்டோ வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும். மாடியை அவ்வப்போது கழுவுங்கள். மழையில் கரையும் சுண்ணாம்பை வருடந்தோறும் அடிக்க வேண்டும்.

எக்ஸ்.பி.எஸ். பலகை: புது வீடு கட்டுபவர்களுக்கும், பழைய தட்டோடுகளைப் பெயர்த்து மாற்றுபவர்களுக்கும் ஏற்றது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்கு மேல் பலகையைப் பரப்பி, அதன்மேல் தளம் போடுவார்கள்.

ஃபால்ஸ் சீலிங்: மாடியில் கைவைக்க முடியாதவர்களுக்கு. உள்ளே வயர்கள் ஓடும் என்பதால், எளிதில் தீப்பிடிக்கும் தெர்மாகோலைத் தவிர்த்து ராக்வூல் வையுங்கள்.

ஷீட் கூரை: அடியில் அலுமினிய ஃபாயில் கட்டலாம். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் வீண். 1 அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஒழுகலை அடையுங்கள். நனைந்த ராக்வூல் வெப்பத்தைத் தடுக்காது. போட்ட காசும் வீண்தான்!