மலையே தன்னைத் தாங்கும் சுரங்கம்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நின்று அண்ணாமலையைப் பார்ப்பவருக்கு, மலை என்றாலே அசையாதது என்றுதான் தோன்றும். 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, இறுகி ஓய்ந்த பாறை அது. இமயமலை அப்படியில்லை. இந்தியத் தட்டு யூரேசியத் தட்டின்மீது மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த மோதல் இன்னும் ஓயவில்லை. அங்கே பாறைகள் மடிந்தும் நொறுங்கியும் கிடக்கின்றன. நிலமும் அடிக்கடி நடுங்குகிறது.

அப்படிப்பட்ட மலையைக் குடைந்துதான், மணாலிக்கும் லாஹௌலுக்கும் இடையே 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையை எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டியது. 2010-இல் வேலை தொடங்கிய சுரங்கம், 2020 அக்டோபர் 3 அன்று திறப்பு விழா கண்டது.

தொழிலாளர்கள் பாறையில் துளையிட்டு, வெடிவைத்துச் சில மீட்டர் முன்னேறுவார்கள். புகை அடங்கியதும் தொங்கும் கற்களைத் தட்டி உதிர்த்து, இடிபாட்டை அள்ளுவார்கள். உடனே சுவரில் காங்கிரீட்டைப் பீய்ச்சி, நீண்ட எஃகு போல்ட்டுகளைப் பாறைக்குள் இறக்குவார்கள். இவை மலையின் முழுப் பாரத்தையும் சுமப்பதில்லை. சுற்றியுள்ள பாறை உதிராமல் பிணைந்து, ஒரு வளையமாகத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளச் செய்கின்றன. சுவரில் பதித்த குறிகளை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தபடியே இருப்பார்கள். அசைவு நிற்கவில்லை என்றால் பிடிமானத்தைக் கூட்டுவார்கள். ஆஸ்திரிய முறை எனப்படுவது இதுதான்.

சேரி நாலா ஓடைக்கு அடியில் இந்த முறைக்கே சோதனை வந்தது. நொறுங்கிய பாறையும் கொட்டும் நீரும் கலந்த அந்த 587 மீட்டரைக் கடக்க மட்டும் சுமார் 4 ஆண்டுகள் பிடித்தன.

சரி, பூமி அதிர்ந்தால்? ஆழத்தில் இருக்கும் சுரங்கம் பெரும்பாலும் பாறையோடு சேர்ந்தே அசையும். அதனால் தரைமேல் தனித்து நின்று ஆடும் கட்டடத்தைவிட அதற்குச் சேதம் குறைவு. ஆபத்து இரண்டு இடங்களில் அதிகம். ஒன்று, மண்சரிவு மூடக்கூடிய வாயில். மற்றொன்று, நிலப்பிளவைக் கடக்கும் இடம். பிளவின் இருபுறமும் எதிரெதிராக நகர்ந்தால் எந்தச் சுவரும் தாங்காது. அதனால் அங்கே சுரங்கத்தைச் சற்று அகலமாக வெட்டி, சுவரைத் துண்டு துண்டாகக் கட்டி, நடுவே நெகிழும் இணைப்புகளை வைப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம்.

நிலநடுக்கம் இல்லாமலும் மலை சரியும். 2023 நவம்பர் 12 அன்று உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து 41 தொழிலாளர்கள் சிக்கினர். வெளியேற வேறு வழியில்லாமல் 17 நாள் உள்ளேயே கிடந்தனர். அடல் சுரங்கத்திலோ சாலைக்கு அடியிலேயே தப்பிச் செல்லத் தனிப் பாதை இருக்கிறது. செலவைக் குறைக்கவோ திறப்பு விழாவை முந்தவோ நினைப்பவர்கள் பாறை ஆய்விலும் தப்பும் வழியிலும் மட்டும் கைவைக்கக் கூடாது. அங்கே மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு உள்ளே நிற்கும் தொழிலாளியின் உயிர்தான் விலை.