படக்கொட்டகையில் பண்டத்தின் விலை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. தாய்மொழியைப் பலரோடு கூடியமர்ந்து கேட்கும் வாய்ப்பும் அதுவே. மும்பையிலும் டில்லியிலும் பிழைக்கச் சென்ற தமிழர்க்கும் இது பொருந்தும். மலையிறங்கி நகரத்துப் பெரிய கொட்டகைக்குச் செல்லும் குடும்பம், பேருந்துக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டையும் கணக்கிட்டுத்தான் புறப்படுகிறது. இடைவேளையில் குழந்தை சோளப்பொரி கேட்கும்போதோ, அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. நுழைவுச்சீட்டைவிடப் பொரியின் விலை மிகுதியாக இருப்பதும் உண்டு. இந்த விலை ஏன் இவ்வாறு ஏறுகிறது, சட்டம் நமக்கு எந்த அளவு துணை நிற்கிறது என்னும் இரண்டையும் இங்கே ஆராய்வோம்.

நுழைவுச்சீட்டால் வரும் வருவாய் முழுதும் கொட்டகையாருக்குச் சேர்வதில்லை. அதில் பெரும் பங்கு படத்தை வெளியிடுவோருக்குச் செல்கிறது. தின்பண்ட விற்பனையிலோ வேறு எவருக்கும் பங்கு இல்லை. 2023-இல் ஒன்றாக இணைந்த பி.வி.ஆர்., ஐநாக்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவு, பானங்களால் வருகிறது. ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளின் கணக்குகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வொன்று, பண்டத்தின் விலையை உயர்த்துவதால் நுழைவுச்சீட்டின் விலையைத் தாழ்வாக வைக்க இயலுகிறது என்று காட்டியது. அஃதாவது, பொரி வாங்குபவர் வாங்காதவரின் சீட்டுச் செலவிலும் ஒரு பகுதியைச் சுமக்கிறார்.

இவ்வாதம் ஓரளவே செல்லும். பொரியை வேண்டாம் என்று சொல்லலாம். தாகத்தை அவ்வாறு சொல்ல இயலாது. கதவடைத்த இடத்தில் விற்பவர் ஒருவரே ஆகையால், வாங்குபவருக்குப் பேரம் பேச வழியில்லை.

வீட்டிலிருந்து உணவு கொண்டு செல்லலாகாதா என்ற வினா எழும். கொண்டு செல்வதைத் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3-ஆம் நாள் அதனை நீக்கியது. கொட்டகை தனியார் உடைமை; வெளியுணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு; விலை பொருந்தாதெனில் வாங்காதிருப்பது பார்ப்பவரின் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். ஜிலேபி தின்றவர் விரலை இருக்கையில் துடைத்தால் அதைத் தூய்மை செய்யும் செலவை யார் ஏற்பது என்றும் நீதிபதிகள் கேட்டனர். எனினும் இரண்டு காப்புகள் உள்ளன. தூய குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டு செல்லத் தடை கூடாது.

உறையிட்டு விலை அச்சிட்ட பண்டங்களின் நிலை வேறு. ஜெய்ப்பூரில் வெளிக்கடையில் 16 ரூபாய்க்குக் கிடைத்த தண்ணீர்ப் புட்டி, கொட்டகையில் 30 ரூபாய் என அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. வாங்கியவர் 14 ரூபாய்க்காக வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2016-இல் அவர் பக்கமே நின்றது. ஒரே பொருளுக்கு இரண்டு உச்ச விலைகளை அச்சிடுவதைத் தடுக்கும் விதி 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. படக்கொட்டகைகளைப் பற்றிய முறையீடுகளும் இவ்விதிக்குக் காரணம் என்று அரசு அப்போது அறிவித்தது. ஆனால் கொட்டகையிலேயே பொரித்துத் தாள்வாளியில் அளிக்கும் சோளத்துக்கு அச்சிட்ட விலை கிடையாது. ஆதலால் அதற்கு இவ்விதி உதவாது. விலை வானளாவ நிற்பதும் பெரும்பாலும் இத்தகைய பண்டங்களுக்கே.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. இலவசக் குடிநீர் எங்கே என்று தயங்காது கேட்க வேண்டும். புட்டியில் அச்சிட்ட விலையைப் பார்த்த பின்னரே பணம் தருதல் நலம். ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். அச்சிட்டதற்கு மேல் வாங்கினால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பிற மாநிலத்தில் வாழ்வோர் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்கிட வேண்டும் என்பதில்லை. தாம் வாழும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம். மதுரையில் படம் பார்த்துத் திரும்பிய பீர்மேட்டுத் தொழிலாளி, இடுக்கி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் இயலும்.

பதினான்கு ரூபாய் சிறு தொகையே. ஆனால் ஒரு நாள் கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில், அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறொரு தேவையிலிருந்து எடுத்ததாகும். சோளப்பொரியை வாங்குவதும் விடுவதும் நம் விருப்பம். தண்ணீரும் அச்சிட்ட விலையும் நம் உரிமை.