பெருநகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் புறநகரின் பிரதிநிதித்துவம்: தாம்பரத்தை முன்வைத்து

முன்னுரை

பெருநகர் ஒன்றின் போக்குவரத்து ஓர் உள்ளாட்சியின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஓர் ஊரில் வசிப்பவர் இரண்டாவது ஊரில் வண்டி மாறி, மூன்றாவது ஊரில் பணிபுரிகிறார். ஆகவே சாலை, ரயில், பேருந்து ஆகியவற்றைப் பெருநகர் முழுமைக்கும் ஒருசேரத் திட்டமிட வேண்டியுள்ளது. அவ்வாறு திட்டமிடும்போது புறநகர் ஒன்றின் தேவையை யார், எந்த அவையில், எந்தக் கட்டத்தில் எடுத்துரைப்பது என்னும் வினா எழுகிறது. சென்னையின் தென்புறத்தில் அமைந்த தாம்பரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

அதிகாரப் பகிர்வு

1993ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் தொகுத்துரைக்கிறது. நகரத் திட்டமிடல், சாலைகள், பாலங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் போன்ற பொது வசதிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆனால் பொதுப் போக்குவரத்தை இயக்குவது அப்பட்டியலில் இல்லை.

இப்பகிர்வின் விளைவைத் தாம்பரத்தில் தெளிவாகக் காணலாம். ஊரின் முதன்மைச் சாலையான ஜி.எஸ்.டி. சாலை ஒரு தேசிய நெடுஞ்சாலை. ரயில் பாதை ஒன்றிய அரசின் தெற்கு ரயில்வேக்கு உரியது. பேருந்துகளை மாநில அரசின் மாநகர் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வழியே கிளாம்பாக்கம் வரை நீட்டிக்க முன்மொழியப்பட்டுள்ள மெட்ரோ, ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்தைச் சார்ந்தது. சுருங்கக் கூறின், நிறுத்தம் ஊருக்கு உரியது. அங்கு வந்து நிற்கும் பேருந்து ஊருக்கு உரியதன்று. எனவே பெருநகர அளவிலான அவையில் பெறும் இடமே போக்குவரத்து முடிவுகளில் புறநகருக்கு உள்ள முதன்மையான பிடி ஆகிறது.

நெடுக்குப் பார்வையும் குறுக்குப் பார்வையும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெருநகர நோக்கில் இப்பாதை வடக்கையும் தெற்கையும் இணைக்கும் தடம். ஊரின் நோக்கிலோ அது கிழக்குத் தாம்பரத்தையும் மேற்குத் தாம்பரத்தையும் பிரிக்கும் கோடு. கிழக்கே வேளச்சேரிச் சாலையும் மேற்கே முடிச்சூர்ச் சாலையும் கொண்டுவரும் மக்களுக்கு, தண்டவாளத்தையும் நெடுஞ்சாலையையும் கடப்பதே அன்றாடச் சிக்கல்.

பெருநகரத் திட்டம் ஊரின் வழியே செல்வோரின் நேரத்தை அளக்கிறது. ஊர்மக்கள் பாதையின் குறுக்கே செல்ல ஆகும் நேரத்தை அளக்கின்றனர். இரண்டும் நியாயமான அளவைகளே. எனினும் திட்டமிடும் அவையில் ஊரின் குரல் இல்லையெனில், முதல் அளவை மட்டுமே கணக்கில் சேர்கிறது.

கிளாம்பாக்கம் உணர்த்துவது

தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து புறப்படுவதால் நகருக்குள் ஏற்பட்ட நெரிசலைக் குறைக்க, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் அமைக்கப்பட்டது. அது 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அந்நாளில் முனையத்திற்கெனத் தனி ரயில் நிலையம் இல்லை. எனவே நகருக்குள் ரயிலில் செல்ல விரும்பியோர் மாநகரப் பேருந்தில் ஏறித் தாம்பரம் போன்ற நிலையங்களை அடைய வேண்டியிருந்தது.

முனையம் தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே உள்ளது. அதன் பயணிகளோ தாம்பரத்தின் வழியே செல்கின்றனர். நகரின் நடுவிலிருந்த நெரிசலின் ஒரு பகுதி இவ்வாறு விளிம்புக்கு இடம்பெயர்கிறது. பெருநகர் முழுமைக்கும் இது நன்மை தரும் முடிவாக இருக்கலாம். ஆயினும் நன்மை ஓரிடத்திலும் சுமை வேறோரிடத்திலும் விழும்போது, சுமையை ஏற்கும் ஊரைத் தொடக்கத்திலேயே கலந்தாலோசிப்பது இன்றியமையாததாகிறது.

இருவகை அவைகள்

அரசியலமைப்பின் 243 இசட்இ பிரிவு, பத்து இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிகளுக்குப் பெருநகரத் திட்டக் குழுவை விதிக்கிறது. அதன் உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர்க்குக் குறையாதோர், நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். சென்னையில் திட்டமிடும் பணி இத்தகைய குழுவின் கைக்கு வரவில்லை. முழுமைத் திட்டங்களைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே தயாரித்து வருகிறது. வரைவு வெளியான பின்னர் கருத்துகளும் ஆட்சேபணைகளும் கோரப்படுகின்றன. அந்நிலையில் தடமும் முனையமும் வரைபடத்தில் ஏறிவிடுகின்றன.

போக்குவரத்திற்கென 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவானது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்றது. பேருந்து, ரயில், மெட்ரோ நிறுவனங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது இதன் சிறப்பு. ஆயினும் இது பெரிதும் பதவிவழி உறுப்பினர்களால் ஆனது. நிறுவனங்கள் ஒருங்கிணைவதும் ஊர்கள் பிரதிநிதித்துவம் பெறுவதும் ஒன்றல்ல.

எண்ணிக்கையின் சிக்கல்

திட்டக் குழுவை அமைத்துவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன. 2021ஆம் ஆண்டு ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகளும், ஆவடியில் 48 வார்டுகளும் உள்ளன. இவ்விரண்டையும் கூட்டினாலும் 118 மட்டுமே. உறுப்பினர் அனைவரும் ஒரே தொகுதியாக வாக்களித்தால் மையநகரின் கை ஓங்கும்.

புறநகருக்கெனத் தனி இடம் ஒதுக்கும் முறைக்கு அமெரிக்காவின் பாஸ்டன் பெருநகரத் திட்ட அமைப்பு ஒரு சான்று. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகர்ப்புறப் பகுதிகள் அனைத்திற்கும் இத்தகைய அமைப்பை அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. 97 நகரங்களையும் சிற்றூர்களையும் உள்ளடக்கிய பாஸ்டன் அமைப்பில், மாநிலப் போக்குவரத்துத் துறையுடனும் பாஸ்டன் நகருடனும் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 உள்ளாட்சிகள் அமர்கின்றன. அவற்றுள் எட்டு இடங்கள் துணைப்பகுதிக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இதனால் மையநகரைச் சூழ்ந்த எந்தத் திசையும் விடுபடுவதில்லை.

இம்முறையிலும் ஒரு கடமை மறைந்துள்ளது. இடம்பெற்ற ஊர் தன் துணைப்பகுதியின் பிற ஊர்களுக்காகவும் பேச வேண்டும். தாம்பரத்திற்கு அத்தகைய இடம் கிடைக்குமாயின், வண்டலூர், ஊரப்பாக்கம் ஊராட்சிகளின் தேவையையும் அது ஏந்திச் செல்ல வேண்டியிருக்கும். சென்னையிடம் தாம்பரம் எதிர்பார்க்கும் நியாயத்தையே தாம்பரத்திடம் அவ்வூராட்சிகள் எதிர்பார்க்கும்.

முடிவுரை

புறநகரின் பிரதிநிதித்துவம் மூன்று கூறுகள் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே பொருளுடையதாகும். முதலாவது, மையநகரின் எண்ணிக்கையில் கரைந்துவிடாத தனி இடம். இரண்டாவது, வரைவு உருவாகும் முன்னரே பேசுவதற்கான வாய்ப்பு. மூன்றாவது, பேசுவதற்கு உரிய தரவு. 243 இசட்இ பிரிவும் உள்ளாட்சிகள் தயாரித்த திட்டங்களைக் கருத்தில் கொண்டே பெருநகரத் திட்டம் வரையப்பட வேண்டும் என்கிறது. ஆகவே தண்டவாளத்தைக் கடப்போர் எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு காத்திருக்கின்றனர் என்பதை ஊரே கணக்கெடுத்துத் தன் திட்டத்தை எழுதிவைக்க வேண்டும்.

5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டுள்ள சென்னைப் பெருநகர்ப் பகுதியில், இன்று தாம்பரம் எதிர்கொள்ளும் வினாவை நாளை வேறு பல ஊர்களும் எதிர்கொள்ளும். விளிம்பு மேலும் வெளியே நகர்கிறது. ஊர்களுக்கு உரிய இடமும் அதனுடன் சேர்ந்து விரிவடைய வேண்டும்.